தாய்ப்பால் சோப்பு: செய்வதற்கு முன்பும், பிறருக்குக் கொடுப்பதற்கு முன்பும்

ஃப்ரீசரின் மூலையில் தேதி எழுதிய ஏழெட்டுப் பால் பைகள் உறைந்து கிடக்கின்றன. குழந்தையோ புட்டியைத் தொட மறுக்கிறது. அவ்வளவு பாடுபட்டுப் பீய்ச்சிய பாலைச் சாக்கடையில் ஊற்றவும் மனம் வரவில்லை. தாய்ப்பாலில் சோப்பு செய்வது எப்படி என்று என்னிடம் கேட்கிற பெண்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் நின்றுகொண்டுதான் கேட்கிறார்கள். அவர்களுடைய முதல் கேள்வி செய்முறையைப் பற்றியதாக இருந்தாலும், அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: 'இதைக் கேட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?' இரண்டையும் பிரித்துப் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும் என்பதால், இந்தக் குறிப்பில் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பால் உண்மையிலேயே மிஞ்சிய பால்தானா என்பதை. பீய்ச்சிய பால் 25 டிகிரிக்கு மேற்படாத அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், ஃப்ரிட்ஜின் குளிர்ப் பகுதியில் 4 நாளும் தாங்கும். ஃப்ரீசரில் 6 மாதம் வரை நல்ல நிலையில் இருக்கும், 12 மாதம் வரையும் கொடுக்கலாம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த 4 மணி நேரத்தையும் நம்ப வேண்டாம். இந்தக் கெடுவுக்குள் இருக்கும் பால் குழந்தைக்குரியது. உங்கள் குழந்தைக்குத் தேவைப்படவில்லை என்றால், குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் கிடக்கும் வேறொரு குழந்தைக்குத் தேவைப்படலாம். மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. இன்று சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உட்படத் தமிழ்நாட்டிலும் பல அரசு மருத்துவமனைகளில் இத்தகைய வங்கிகள் உள்ளன. அங்கே கொடுப்பவரின் இரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, அதன் பிறகே குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல பாலைச் சோப்பாக்குவதற்கு முன் ஒரு முறை அந்த வங்கியைத் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள் என்றே நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சோப்புக்கு ஏற்றது கெடு தாண்டிய பால், மின்வெட்டில் உருகிப்போன பால், புட்டியில் குழந்தை மிச்சம் வைத்த பால் ஆகியவைதாம். ஃப்ரீசரில் வைத்த பால் சில பெண்களுக்குச் சோப்பு வாடை அடிக்கும். கெட்டுவிட்டது என்று பயந்து கொட்டிவிடுவார்கள். பாலிலேயே உள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பைச் சிதைத்துக் கொழுப்பமிலங்களாக்குவதால் வரும் வாடை அது. அந்தப் பால் கெட்டதல்ல, ஆனாலும் பல குழந்தைகள் அதைக் குடிக்காது. சோப்பு செய்வதற்கு அதைவிடப் பொருத்தமான பால் இல்லை.

இனி, மனத்தடையைப் பற்றி. பசும்பால் சோப்பு என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆட்டுப்பால் சோப்பு, கழுதைப்பால் சோப்பு என்றால் கூடுதல் விலை கொடுத்துக்கூட வாங்குகிறார்கள். தாய்ப்பால் என்றதும் மட்டும் ஓர் அதிர்ச்சி வருகிறது. அருவருப்பு என்று அதை ஒரே சொல்லில் ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. அதற்குள் வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒருவருக்கு அது இன்னொருவரின் உடலிலிருந்து வந்த நீர்மம் என்ற தயக்கம். இன்னொருவருக்கு, நோய் ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ என்ற அச்சம். மற்றொருவருக்கோ நேர்மாறாக, அது புனிதமானது, அழுக்குத் தேய்க்கப் பயன்படுத்தலாமா என்ற மனவருத்தம். முன்னைய இரண்டும் ஐரோப்பா, அமெரிக்கா போன்ற இடங்களில் அதிகம் கேட்பவை. 2011இல் லண்டனில் ஒரு கடை தாய்ப்பாலில் ஐஸ்கிரீம் செய்து விற்றபோது, உள்ளாட்சி அதிகாரிகள் வந்து அதைச் சோதனைக்கு எடுத்துச் சென்றார்கள். தைவானிலோ மிஞ்சிய தாய்ப்பாலைச் சோப்பாக்கிப் பத்திரப்படுத்துவது இளம் தாய்மார்களிடையே பழகிப்போன ஒன்று.

நம் வீடுகளில் மூன்றாவது காரணமே பெரிது. தாய்ப்பாலைக் கால் படும் இடத்தில் கொட்டக் கூடாது, செடியின் வேரில் ஊற்ற வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பீய்ச்சிய பாலை அடுத்தவர் கண்ணில் காட்டினால் கண்ணேறு பட்டுப் பால் வற்றிவிடும் என்ற பயமும் உண்டு. அதே சமயம், தாய்ப்பாலை மருந்தில் சேர்ப்பதும் நமக்குப் புதிதல்ல: கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும்போது சாதிக்காய், மாசிக்காய், வசம்பு ஆகியவற்றைக் கல்லில் தாய்ப்பால் விட்டே உரைப்பார்கள், சித்த மருத்துவத்தில் சில மருந்துகளை முலைப்பாலில் இழைப்பது வழக்கம், கண் வலி என்றால் பக்கத்து வீட்டில் பாலூட்டும் தாயிடம் இரண்டு சொட்டுப் பால் கேட்டு வாங்கி விட்ட பாட்டிகளை எனக்குத் தெரியும். (கண்ணில் விடுவதைக் கண் மருத்துவர்கள் ஏற்பதில்லை, நீங்களும் விட வேண்டாம்.) ஆகவே உடம்பில் படுவது நம்மவர்களுக்குத் தடையாக இருப்பதில்லை. அது கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதே தடை.

என் மாமியார் இதை ஒரே வரியில் சொன்னார். நான் முதன்முதலாகப் பால் பையை வெட்டிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "குளிச்ச தண்ணி எங்கம்மா போகும்? கக்கூஸ் குழாய்க்குத்தானே?" என்று கேட்டார். "சும்மா ஊத்தினாலும் அங்கதானே அத்தை போகுது?" என்றேன். "செடிக்கு ஊத்து. அது வேற" என்றார். விவாதித்து வெல்லக்கூடிய இடம் அல்ல அது. அந்த ஈட்டில் வந்த ஒரு கட்டியைக் கொல்லைத் துவைகல்லின் மேல் வைத்தேன். அங்கே கை கழுவும் தண்ணீர் நேராக வாழைக்குப் போகும். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்களின் எதிர்ப்பு இருந்தால், 'மூடநம்பிக்கை' என்று தொடங்காமல், எந்த இடத்தில் அவர்களுக்கு உறுத்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இப்படி ஒரு சிறிய மாற்றத்தில் தீர்ந்துவிடும்.

நோய் பற்றிய அச்சத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. எச்.ஐ.வி., சி.எம்.வி. (சைட்டோமெகாலோவைரஸ்) போன்ற வைரஸ்கள் தாய்ப்பாலின் வழியாகக் குழந்தைக்குப் பரவக்கூடியவை. சோப்பு செய்யும்போது சேர்க்கும் காஸ்டிக் சோடாவின் கடுங்காரத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்க மாட்டா என்றாலும், நம் அடுப்படி ஆய்வுக்கூடம் அல்ல. அதை ஒரு நற்சான்றாக வைத்துக்கொண்டு யார் யாருடைய பாலையோ கலந்து சோப்பு செய்யக் கூடாது. ஒரு ஈட்டுக்கு ஒருவருடைய பால்தான்: இதைத் தாண்ட வேண்டாம். இணையத்தில் முகம் தெரியாதவரிடம் வாங்கிய பாலை எதற்காகவும் பயன்படுத்தாதீர்கள்.

அதே காரம் இன்னொன்றையும் செய்கிறது. தாய்ப்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களான ஐ.ஜி.ஏ., லாக்டோஃபெரின், லைசோசைம் ஆகியவை அந்தக் காரத்தில் உருக்குலைந்துபோகின்றன. எனவே படை, சிரங்கு, கரப்பான், முகப்பரு எல்லாவற்றையும் இந்தச் சோப்பு குணமாக்கும் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். பாலை நேரடியாகத் தோலில் தடவுவது ஒன்று, காரத்தில் கலந்த பின் மிஞ்சுவது வேறொன்று. தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர், 7 விழுக்காடு லாக்டோஸ் சர்க்கரை, 4 விழுக்காடு கொழுப்பு, 1 விழுக்காடு புரதம். சோப்புக்கு உருப்படியாகக் கிடைப்பவை கொஞ்சம் கொழுப்பும், நுரையைப் பெருக்கித் தரும் அந்தச் சர்க்கரையும்தாம். மென்மையான, நுரை வளமான ஒரு சோப்பு. அதோடு, அந்த மாதங்களின் ஒரு நினைவுப்பொருள். இவ்வளவுதான் என்று தெரிந்து செய்பவர்கள் ஏமாறுவதில்லை. மருந்தென்று எண்ணிச் செய்பவர்களே, ஆறு வாரம் காயவைத்து எடுத்த பிறகு வருத்தப்படுகிறார்கள்.

செய்முறைக்கு வருவோம். கடையில் விற்கும் கிளிசரின் சோப்புக் கட்டியை உருக்கி அதில் தாய்ப்பாலை ஊற்றி அச்சில் விடும் முறை எளிதாகத் தோன்றுவதால் பலரும் அதையே செய்கிறார்கள். நான் அதை முற்றாகத் தவிர்க்கச் சொல்வேன். அந்தக் கட்டியில் எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகும் வினை ஏற்கெனவே முடிந்துவிட்டதால், நீங்கள் ஊற்றும் பால் சோப்பாக மாறாமல் பாலாகவே உள்ளே தங்கி, சில நாட்களிலேயே புளித்து, பூஞ்சை பிடித்துவிடும். குழந்தையின் தோலில் தேய்க்கக் கூடாத பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். பாலைச் சோப்பில் சேர்க்க வேண்டுமென்றால், எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்து முதலிலிருந்து செய்யும் குளிர்முறையே சரி.

காஸ்டிக் சோடா வீட்டில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை மறக்க வேண்டாம். அது பார்ப்பதற்குச் சர்க்கரை போலவோ கல்லுப்பு போலவோ இருக்கும். எக்காரணம் கொண்டும் டம்ளரிலோ சமையல் டப்பாவிலோ போடாமல், பூட்டக்கூடிய அலமாரியில் வையுங்கள். குழந்தையையும் தவழும் பிள்ளைகளையும் வேறு ஒருவர் வேறு அறையில் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் மட்டுமே வேலையைத் தொடங்குங்கள். ரப்பர் கையுறை, கண்ணை மூடிக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது தடித்த பிளாஸ்டிக் பாத்திரம் போதும், ஆனால் அதை மறுபடி சமையலுக்குக் கொண்டுபோகாதீர்கள். கையில் பட்டால் வினிகர் தேடி ஓடாமல், குழாயடியில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்லும் ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

அளவு இது: தேங்காய் எண்ணெய் 150 கிராம், ஆலிவ் எண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் சோடா 70 கிராம், தண்ணீர் 85 கிராம், தாய்ப்பால் 80 கிராம். எல்லாவற்றையும் மில்லியாக அல்லாமல் எடையாகவே, ஒரு கிராம் வரை காட்டும் எடைக்கருவியில் நிறுத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணெய்கள் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 74 கிராம் காஸ்டிக் சோடா தேவைப்படும். நான்கு கிராம் குறைத்திருப்பதால் ஆறு விழுக்காடு எண்ணெய் சோப்பாகாமல் தங்கித் தோலை வறட்சியிலிருந்து காக்கும். ஆலிவ் எண்ணெய் விலை அதிகம் என்று செக்கு நல்லெண்ணெய்க்கு மாறுபவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் எள் வாசம் போகாது, சோப்பும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் சோடாவின் அளவையும் மறுபடி கணக்கிட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பால் முழுவதிலும் நேரடியாகக் காஸ்டிக் சோடாவைக் கொட்டும் தவற்றை நான் செய்திருக்கிறேன். என் முதல் ஈட்டில் அறை வெப்பத்தில் இருந்த பாலில் மொத்தத்தையும் ஒரே முறையில் போட்டேன். சில நொடிகளில் பால் வெல்லப்பாகு நிறத்துக்கு மாறி, திரிந்து, கண்ணைக் கரிக்கும் அம்மோனியா வாடை அடித்தது. சூடும் காரமும் சேர்ந்து லாக்டோஸைக் கருக்குவதால்தான் அந்த நிறம். ஆறு வாரத்தில் வாடை போய்விட்டது, நிறம் போகவில்லை. புதிதாகச் செய்பவர்கள் பாதித் தண்ணீர், பாதிப் பால் முறையைப் பின்பற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

முதலில் 85 கிராம் தண்ணீரைப் பாத்திரத்தில் எடுத்து, அதில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். சோடாவின் மேல் ஒருபோதும் தண்ணீரை ஊற்றக் கூடாது, பொங்கித் தெறிக்கும். ஜன்னலருகே வைத்துச் செய்யுங்கள், ஆவியை முகர வேண்டாம். கரைசல் தெளிந்து, தொட்டால் சூடு தெரியாத அளவுக்குப் பாத்திரம் ஆறும்வரை பொறுத்திருங்கள். இதற்கிடையில் எண்ணெய்களை ஒன்றாக்கி 35 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கி, உருக்கிக் குளிர்ந்த தாய்ப்பாலை அந்த எண்ணெயிலேயே ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் ஒரு சுற்றுக் கலக்கிவிடுங்கள். பிறகு ஆறிய காரக்கரைசலை மெல்லிய தாரையாக எண்ணெயில் ஊற்றி, பிளெண்டரை இடைவெளி விட்டு விட்டு இயக்குங்கள். தோசை மாவுப் பதத்துக்குக் கெட்டியாகி, கரண்டியில் எடுத்து ஊற்றினால் மேலே கோடு விழுந்து ஒரு நொடி நிற்கும் நிலைக்கு டிரேஸ் என்று பெயர். அந்தப் பதத்தில் சிலிகான் அச்சில் ஊற்றிவிடுங்கள். குழந்தைக்கான சோப்பு என்றால் வாசனை எண்ணெய் எதுவும் சேர்க்க வேண்டாம்.

சாதாரணக் குளிர்முறைச் சோப்பைத் துண்டால் மூடிச் சூடாக வைப்பார்கள். பால் சோப்பை அப்படி வைத்தால் உள்ளே சூடேறி மேல்பாகம் வெடித்துப் பழுப்பாகும். அச்சை நேராக ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு நாள் கழித்து வெளியே எடுத்து, கையுறையுடன் அச்சிலிருந்து பிரித்துத் துண்டு போடுங்கள். 100 கிராம் கட்டியாக ஆறேழு கிடைக்கும். காற்றோட்டமான தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கி, ஆறு வாரம் காயவிடுங்கள். ஆறு வாரம் முடிந்ததும், காரத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளை ஈரச் சோப்பில் ஒற்றிப் பார்த்தால் 9க்கும் 10க்கும் இடையில் காட்ட வேண்டும். அதற்கு மேல் காட்டினாலோ, கட்டியில் வெள்ளைப் பொடியாகக் காரம் தனித்துத் தெரிந்தாலோ, அந்த ஈட்டைத் தயங்காமல் கழித்துவிடுங்கள். தோலின் இயல்பான பிஎச் 5 ஐ ஒட்டியது. ஆகவே எவ்வளவு மென்மையாகச் செய்தாலும் இது பிறந்த குழந்தைக்கான பொருள் அல்ல. முதல் சில மாதங்களுக்குக் குழந்தைக்கு வெதுவெதுப்பான நீரே பெரும்பாலும் போதும். கரப்பான் உள்ள குழந்தைக்கு இதைத் தொடவே வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

அனுபவம் உள்ளவர்கள் தண்ணீரே சேர்க்காமல் 165 கிராம் பாலையும் உறைந்த கட்டியாக எடுத்து, பனிக்கட்டித் தட்டின் மேல் வைத்து, காஸ்டிக் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கரைப்பார்கள். இருபது நிமிடமாவது பிடிக்கும். பாலின் கொழுப்பு உடனே சோப்பாகத் தொடங்குவதால் கரைசல் கஞ்சி போலாகும்; அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

குழந்தையை இழந்த தாய்மார்களும் சிலர் இதைக் கேட்டு வருகிறார்கள். பிரசவமான இரண்டு மூன்று நாளில் பால் சுரப்பது குழந்தை இருப்பதையோ இல்லாததையோ பார்ப்பதில்லை. அவர்களுக்குச் செய்து கொடுப்பவர்கள், சோப்பு கரைந்துபோகும் பொருள் என்பதை முன்பே மெதுவாகச் சொல்லிவிட வேண்டும். சிலர் அதைப் பயன்படுத்தவே மாட்டார்கள், சிலருக்குக் கரைவதே ஆறுதலாக இருக்கும்.

விற்பனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட அறிவிப்பில், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தாய்ப்பாலைப் பதப்படுத்தவோ விற்கவோ அனுமதி இல்லை என்று தெளிவாகச் சொன்னது. சோப்பு உணவல்ல என்று வாதிடலாம்; ஆனால் குளியல் சோப்பை விற்பனைக்குச் செய்ய அழகுப்பொருள் விதிகளின்படி மாநில உரிமம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2009ஆம் ஆண்டு அழகுப்பொருள் ஒழுங்குமுறை, மனித உடலிலிருந்து பெற்ற பொருள்களைச் சேர்ப்பதையே தடை செய்கிறது.

விலைக்குக் கொடுக்காவிட்டாலும் அன்பளிப்பாகக் கொடுக்கத் தோன்றும். அப்போது கட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, தாய்ப்பால் சேர்த்தது, செய்த தேதி, எண்ணெய்களின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். விருந்தாளி வரும் நாளில் வாஷ்பேசினில் இருக்கும் கட்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நான் இதை நாத்தனாரிடம் கற்றுக்கொண்டேன். நன்றாக நுரைக்கிறதே என்று அவள் பாராட்டிய சோப்பு எதனால் ஆனது என்று இரண்டு வாரம் கழித்து என் கணவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். "பாலுக்காகக் கோபம் இல்ல அண்ணி, சொல்லாமக் குடுத்தீங்களே" என்றாள். அடுத்த ஈட்டில் சீட்டு ஒட்டி மேசைமேல் வரிசையாக வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த ஆட்டுப்பால் சோப்பை எடுத்துக்கொண்டு போனாள்.